‘ஸ்பெக்டர்’ எந்த இடத்தில் கைவிட்டுப் போனது?

நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்பெக்டர்’ படத்தை இப்போதுதான் முழுதாகப் பார்த்திருக்கிறார். மெக்சிகோவில் நடக்கும் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இதுதான் இருப்பதிலேயே சிறந்த பாண்ட் படமாக இருக்கும் என்று. ஆனால் பிற்பாதியில் இரண்டு தடவை தூங்கிவிட்டாராம். ‘அதே இயக்குநர், அதே கேமராமேன், அதே பணம். எங்கே கைவிட்டுப் போனது? நம் ஊர் சென்சார் வெட்டியதால் வந்த வினையா? இதற்கு அடுத்த படத்தைப் பார்க்கலாமா?’ என்று முடித்திருந்தார்.

கேள்வி மூன்றாக இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான். ஒரு காட்சியை இவ்வளவு நன்றாக எடுக்கத் தெரிந்தவர்கள் படத்தை ஏன் தவறவிட்டார்கள்? நான் சென்னையில் 19 வருடமாக எடிட்டிங் செய்கிறவன். ஏழு வருடம் உதவியாளர், அதன் பிறகு தனியாக. ஓப்பனிங் அட்டகாசமாக அமைந்து பின்னால் படுத்துவிடும் படங்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் பதில் உண்டு. ஆனால் ‘ஸ்பெக்டர்’ தொகுக்கப்பட்ட அறையில் நான் இருக்கவில்லை. திரையில் தெரிவதை உறுதியாகச் சொல்வேன். அது ஏன் அப்படி ஆனது என்பதில் எது பதிவான செய்தி, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

சென்சார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2015 நவம்பரில் இங்கே வெளியானபோது முத்தக் காட்சிகளைத் தணிக்கைக் குழு ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது உண்மை. சமூக வலைத்தளங்களில் அப்போது பெரிய பேச்சாக இருந்தது. நானும் அந்த வடிவத்தைத்தான் தியேட்டரில் பார்த்தேன். இரண்டு இடத்தில் படம் துள்ளியது, எடிட்டர் கண்ணுக்கு அது உடனே தெரியும். படம் ஒட்டாமல் போனதற்கு இந்த வெட்டுதான் காரணமோ என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். பிறகு முழு வடிவத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். இல்லை. போனது சில விநாடிகள்தான். முத்தம் முழு நீளத்துக்கு இருந்தாலும் அந்த இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டியது இல்லவே இல்லை. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்தத் தொடக்கம். இறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று திரையில் ஒரு வரி வருகிறது. மெக்சிகோ நகரத்தில் இறந்தோர் தினத் திருவிழா. பெரிய எலும்புக்கூடு பொம்மை ஒன்றிலிருந்து கேமரா இறங்கி, கூட்டத்துக்குள் வெளிர்நிற சூட் போட்ட ஒருவனைப் பிடிக்கிறது. அவன் போகிற வழியில் மண்டையோட்டு முகமூடியும் உயரத் தொப்பியுமாக ஒரு ஆள் ஒரு பெண்ணோடு நிற்கிறான். கேமரா முதல் ஆளை விட்டுவிட்டு இவனோடு நடக்கத் தொடங்குகிறது. ஹோட்டலுக்குள் நுழைகிறார்கள், லிஃப்ட் ஏறுகிறார்கள், அறைக்குப் போகிறார்கள். அவள் கட்டிலில் சாய்ந்து நிமிர்ந்து பார்த்தால் அவன் வேஷத்தைக் களைந்துவிட்டு நீல சூட்டில், கையில் துப்பாக்கியோடு ஜன்னல் பக்கம் நிற்கிறான். எங்கே போகிறாய் என்கிறாள். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் தாண்டி மாடிச்சுவரின் விளிம்பில் நடக்கிறான். கீழே பல மாடி ஆழத்தில் கூட்டம். அவன் நடை சொந்த வீட்டுத் திண்ணையில் நடப்பது போல இருக்கிறது. துப்பாக்கியை நிலைநிறுத்திக் குறிபார்க்கும் வரைக்கும் ஒரு கட் கூடத் தெரிவதில்லை. மேளத்தின் தாளமும் நிற்பதில்லை.

ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் அது பல ஷாட்களை ஒட்டியது. சில பகுதிகள் மெக்சிகோவிலும் சில பகுதிகள் இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டுடியோ அரங்கிலும் எடுக்கப்பட்டவை. கேமராமேன் ஹோய்ட்டே வான் ஹோய்ட்டமா அதை ஃபிலிமில் எடுத்திருக்கிறார். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். நான் கண்டுபிடித்ததாக நினைக்கும் இடங்கள் கதவும் சுவரும் கடக்கும் நொடிகள். அந்த வேலையின் நேர்த்திக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அது நம்மைப் பிடிப்பதற்குக் காரணம் ஒட்டின் நேர்த்தி இல்லை. அந்த நான்கைந்து நிமிடத்தில் ஒரு மனிதன் என்ன செய்யப் போகிறான் என்பதை அவன் உடம்பை வைத்து மட்டுமே நாம் தெரிந்துகொள்கிறோம். கேமரா யாரை விட்டு யாரைப் பிடிக்கிறது, அவன் அந்தப் பெண்ணோடு இருந்தாலும் கவனம் எங்கே இருக்கிறது, விளிம்பில் நடக்கும்போது அவன் கீழே பார்ப்பதே இல்லை என்பது. யாரும் நமக்கு எதையும் விளக்கவில்லை. அப்புறம் கட்டடம் சரிந்து, ஒரு சோபாவில் வந்து விழுந்து, கூட்டத்துக்குள் துரத்தி, சதுக்கத்துக்கு மேலே ஹெலிகாப்டருக்குள் கட்டிப்புரண்டு, எதிராளியின் விரலில் இருந்து ஆக்டோபஸ் மோதிரத்தைக் கழற்றி எடுக்கும் வரைக்கும் இதே முறைதான். எல்லாவற்றையும் கண்ணால் தெரிந்துகொள்கிறோம். (அப்படி ஒரு பிரமாண்ட ஊர்வலம் மெக்சிகோ நகரத்தில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. படத்தைப் பார்த்துவிட்டு 2016 அக்டோபர் கடைசியில் நகர நிர்வாகமே நிஜமாக ஒன்றை நடத்தியது. ஒரு சினிமாக் காட்சி ஊர் வழக்கமாகவே மாறியது.)

இந்தக் காட்சி முடிந்ததுமே படம் சரிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ரோம் நகரில் ஸ்பெக்டர் என்ற ரகசியக் குற்ற அமைப்பின் கூட்டம் நடக்கும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நீளமான மேசை, தலைமாட்டில் இருப்பவனின் முகம் இருட்டில். அவன் வந்து உட்கார்ந்ததும் அந்த மண்டபமே மூச்சை அடக்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவன் காதில் என்னவோ முணுமுணுக்கிறான், அவ்வளவுதான். அதிகாரம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே போல ஆஸ்திரியாவில், விஷம் ஏறிச் செத்துக்கொண்டிருக்கும் மிஸ்டர் வைட்டைப் பாண்ட் சந்திக்கும் காட்சி. இரண்டு படங்களாக எதிரியாக இருந்த கிழவன். அந்தக் கிழவனின் மகளைக் காப்பாற்றுவதாகப் பாண்ட் கொடுக்கும் வாக்கும், மேசையில் வைக்கும் துப்பாக்கியும் மட்டும்தான் அந்தக் காட்சி. எனக்கு இந்தப் படத்திலேயே மெக்சிகோவை விடவும் பிடித்த காட்சி இதுதான். இவற்றுக்கு நடுவில் வரும் ரோம் கார் துரத்தல் சப்பென்று இருப்பது உண்மை. இந்தப் படத்துக்கென்றே 10 கார்கள் மட்டும் செய்யப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி10 ஓடுகிறது, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, துரத்தலின் நடுவே பாண்ட் ஃபோனில் சாவகாசமாகத் தகவல் கேட்கிறான். அவனுக்கே பயம் இல்லாதபோது நமக்கு எங்கிருந்து வரும்? ஆனாலும் அது ஒரு சறுக்கல்தான், படம் அதிலிருந்து எழுந்துவிடுகிறது.

எழ முடியாமல் விழும் இடம் ரயில். என்னைக் கேட்டால் துல்லியமாக அந்த ரயில்தான். மொராக்கோவில் பாண்டும் மிஸ்டர் வைட்டின் மகள் மேடலினும் இரவு உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். டேவ் பாட்டிஸ்டா நடித்த ராட்சத ஆள் வந்து தாக்குகிறான். நல்ல சண்டை. எலும்பு முறியும் சத்தம் கேட்கிற மாதிரியான சண்டை. அவனை ரயிலில் இருந்து தள்ளிவிட்டு இருவரும் மூச்சு வாங்குகிறார்கள். இப்போது என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். கட். அடுத்த ஷாட்டில் முத்தம்.

இதோடு 2006-இல் வந்த ‘கேசினோ ராயல்’ படத்தின் ஒரு இடத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் டேனியல் கிரெய்க் நடித்ததுதான், அவருடைய முதல் பாண்ட் படம். அங்கேயும் பாண்டும் வெஸ்பரும் ஒரு கொலைகாரச் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள், ஹோட்டல் மாடிப்படியில். இரண்டு பேர் சாகிறார்கள். பாண்ட் ரத்தத்தைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு சீட்டாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறான். ஆட்டம் முடிந்து அறைக்கு வந்தால் வெஸ்பர் கவுனோடு ஷவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள். கையில் ரத்தம் போகவே மாட்டேன் என்கிறது என்கிறாள். அவன் அதே உடையோடு தண்ணீரில் அவள் பக்கத்தில் உட்காருகிறான். குளிருகிறதா என்று கேட்டு வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் திருகிவிடுகிறான். கேமரா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது. முத்தம் கிடையாது. அந்தப் படத்தில் காதல் பிறப்பது அந்தத் தண்ணீருக்குள்தான். பின்னால் அவள் சாகும்போது நமக்கு நெஞ்சு அடைப்பதும் இதனால்தான்.

இரண்டு படத்திலும் ஒரே அமைப்பு. ரயிலில் பேச்சு, உயிர் போகிற சண்டை, பிறகு நெருக்கம். ஆனால் ‘கேசினோ ராயல்’ சண்டைக்குப் பிறகு வரும் காட்சிக்கு நேரம் கொடுத்தது. ‘ஸ்பெக்டர்’ அந்தக் காட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் மேடலின் அவனைக் காதலிப்பதாகச் சொல்கிறாள். படத்தின் மீதிக் கதை முழுவதும், கிளைமாக்ஸ் உட்பட, அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. மேடலினாக வரும் லேயா செடு மோசமான நடிகை இல்லை. அந்தச் சொல்லைத் தாங்குவதற்கு அவருக்கு ஒரு காட்சியும் தரப்படவில்லை.

நீங்கள் தூங்கிவிட்டேன் என்று சொன்னதற்கு இதுவே முக்கியமான காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் வேலையில் இதை நேராகப் பார்த்திருக்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் ஒரு படம். கோயில் திருவிழாவில் ஒரு கொலை, ஒரே ஓட்டத்தில் எடுத்தது, ரஷ், அதாவது தொகுக்காத படப்பதிவு, பார்த்த அன்றைக்கே அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். ஆனால் முதல் பிரிவ்யூவில் இடைவேளைக்குப் பிறகு ஜனம் நெளிய ஆரம்பித்தது. லேக் அடிக்கிறது, வெட்டு என்றார்கள். வெட்டினேன். 12 நிமிடம். அண்ணனும் தங்கையும் வீட்டுக் கொல்லையில் துணி மடித்துக்கொண்டே பேசும் ஒரு காட்சி, அப்பா சைக்கிளைத் துடைக்கும் ஒரு காட்சி என்று ‘எதுவும் நடக்காத’ இடங்களாகப் பார்த்து எடுத்தேன். அடுத்த பிரிவ்யூவில் படம் முன்பைவிட நீளமாகத் தெரிந்தது. நீளம் குறைந்திருக்கிறது, சலிப்பு கூடியிருக்கிறது. துணி மடிக்கும் காட்சியைத் திரும்ப வைத்த பிறகுதான் கிளைமாக்ஸில் அந்தத் தங்கைக்கு என்ன ஆகுமோ என்று பார்க்கிறவர்கள் பதற ஆரம்பித்தார்கள். யாருக்காகப் பதற வேண்டும் என்று தெரியாதபோது எந்த வேகமும் மெதுவாகத்தான் தெரியும். ‘ஸ்பெக்டர்’ 148 நிமிடம், அதுவரைக்கும் வந்த பாண்ட் படங்களிலேயே நீளமானது. ஆனால் அதற்கு முந்தைய நீளமான படம் 144 நிமிட ‘கேசினோ ராயல்’. அதில் யாரும் தூங்கினதாக நான் கேள்விப்படவில்லை.

காதலுக்கு நடந்தது உறவுக்கும் நடந்திருக்கிறது. படத்தின் பெரிய ரகசியம் என்ன? கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் நடித்த ஓபர்ஹௌசர் என்பவன் பாண்டுடன் சிறுவயதில் ஒரே வீட்டில் இருந்தவன். பெற்றோர் இறந்த பிறகு பாண்டை இவனுடைய அப்பா இரண்டு குளிர்காலம் வைத்து வளர்த்தார். அப்பாவின் பாசம் அந்தப் பையன் பக்கம் போனதைப் பொறுக்காமல் அப்பாவையே கொன்றுவிட்டு, செத்தது போல் நடித்து மறைந்தவன் இவன். எழுதிப் பார்த்தால் மகாபாரதத்துக்கே உரிய விஷயம். பங்காளிப் பகையைவிட நமக்குப் புரிகிற பகை எது? ஆனால் படம் இதற்கு என்ன கொடுத்தது? பாதி எரிந்த ஒரு புகைப்படம். அப்புறம் வில்லன் வாயால் சொல்லும் நாலு வரி. அந்தப் பனி வீட்டை நாம் பார்க்கவே இல்லை. பாண்டுக்கு அந்த வளர்ப்புத் தந்தையின் நினைவு என்னவாக இருந்தது என்பதற்கு முகத்தில் ஒரு சலனம் கூட இல்லை. மெக்சிகோவில் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் காட்டிய அதே படம், இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எதையும் காட்டவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இது எடிட்டிங் மேசையில் தீர்க்க முடியாதது. தன் உண்மையான பெயர் எர்ன்ஸ்ட் ஸ்டாவ்ரோ ப்ளோஃபெல்ட் என்று அவன் அறிவிக்கும் இடத்தில் இசை ஏறுகிறது, கேமரா நெருங்குகிறது. 1960-களின் பாண்ட் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும், பாண்டின் பரம எதிரியின் பெயர் அது. கதைக்குள் இருக்கும் பாண்டுக்கோ அது முதல் முறையாகக் கேட்கும் ஒரு பெயர். அவனுக்கு அதில் அதிர ஒன்றும் இல்லை. ஆக, அந்த அதிர்ச்சி பாண்டுக்கானது இல்லை, தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பழைய ரசிகர்களுக்கானது. அந்த ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக முதல் ஒன்றரை மணி நேரம் வில்லனைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியவில்லை. நாயகனும் வில்லனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது படம் முக்கால்வாசி முடிந்திருக்கிறது. 2012-இன் ‘ஸ்கைஃபால்’ படத்திலும் வில்லன் தாமதமாகத்தான் வருகிறான். ஆனால் வந்ததுமே லிஃப்டில் இருந்து இறங்கி எலிக் கதை சொல்லிக்கொண்டே கேமராவை நோக்கி நடக்கும் அந்த ஒரு ஷாட்டில் அவன் யார், அவனுக்கு என்ன காயம் என்பது தெரிந்துவிடுகிறது. மறைக்க வேண்டிய பெயர் எதுவும் அவனுக்கு இல்லை. இயக்குநர் இரண்டுக்கும் ஒருவரே, சாம் மெண்டஸ்.

இதைவிட எனக்கு மனசு கசந்த ஒன்று உண்டு. உன் வலிகளுக்கெல்லாம் காரணம் நான்தான் என்கிறான் ப்ளோஃபெல்ட். முந்தைய மூன்று படங்களில் நடந்ததெல்லாம் அவன் ஏற்பாடாம். யோசித்துப் பாருங்கள். வெஸ்பர் பாண்டைக் காட்டிக்கொடுத்தது அவள் எடுத்த முடிவு. தன் முந்தைய காதலனைக் காப்பாற்ற நினைத்து எடுத்த முடிவு, அதற்காக அவளே தன்னைத் தண்டித்துக்கொண்டாள். ‘ஸ்கைஃபால்’ வில்லன் சில்வாவுக்கு, பாண்டின் தலைவியான ‘எம்’ என்பவள் மீது இருந்த வெறுப்பு அவனுடைய சொந்த வெறுப்பு, அவள் கைவிட்டதால் வந்தது. இப்போது அவர்கள் எல்லோரும் ஒரே ஆளின் கைப்பாவைகள் என்றால் அவர்களுடைய துயரத்துக்கு என்ன மதிப்பு? ஒரு படம் தன்னளவில் மோசமாக இருப்பது வேறு. இது பின்னால் போய் நல்ல படங்களின் கணக்கையும் திருத்தி எழுதுகிறது. அவற்றை ரசித்தவன் என்ற முறையில் இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பாலைவனக் கோட்டைக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாண்டின் மண்டைக்குள் ஊசி இறக்குகிறார்கள். முதல் ஊசியில் நிதானம் தவறும், இரண்டாவதில் முகங்களே மறந்துபோகும் என்று நமக்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் இறங்குகின்றன. பிறகு அவன் எழுந்து நேராக நடந்து, ஒரு குண்டுக்கு ஒரு ஆள் என்று சுட்டுக்கொண்டே வெளியே வருகிறான். ஊசி என்ன ஆயிற்று என்று படமே மறந்துவிட்டது. பின்னால் வெடிக்கும் வெடி கின்னஸ் சாதனை. 2015 ஜூன் 29 அன்று மொராக்கோவின் எர்ஃபூத் பக்கத்தில் 8,418 லிட்டர் மண்ணெண்ணெய், 33 கிலோ வெடிமருந்து வைத்து நிஜமாகவே வெடித்தார்கள். பாண்டும் மேடலினும் தள்ளி நின்று அதை வேடிக்கை பார்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் பார்க்கிறோம். மெக்சிகோவில் ஒரே ஒரு கட்டடம் சரிந்தபோது நாம் காலைத் தூக்கிக்கொண்டோம். அங்கே பாண்ட் அந்தக் கட்டடத்தின் மேலேயே இருந்தான். அப்புறம் இன்னொரு கிளைமாக்ஸ் லண்டனில், இருட்டில். அதைக் கடந்துவிடலாம்.

சரி, ஏன் இப்படி ஆனது? பதிவான செய்திகள் இவை. ஸ்பெக்டர் என்ற அமைப்பும் ப்ளோஃபெல்ட் என்ற பாத்திரமும் நெடுங்காலம் பாண்ட் தயாரிப்பாளர்கள் தாராளமாகக் கைவைக்க முடியாத சொத்து. பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்கும் கெவின் மெக்லோரியும் ஜாக் விட்டிங்ஹாமும் சேர்ந்து உருவாக்கிய திரைக்கதையை வைத்து ஃப்ளெமிங் 1961-இல் ‘தண்டர்பால்’ நாவலை வெளியிட, மெக்லோரி வழக்குப் போட்டார். 1963-இல் படமாக்கும் உரிமை அவருக்குப் போனது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இழுபறி. மெக்லோரி 2006-இல் இறந்தார். 2013 நவம்பரில்தான் அவர் குடும்பத்துடன் சமரசம் ஏற்பட்டு உரிமை முழுதாகக் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடத்துக்குள் இந்தப் படம், அதே பெயரில். ஜான் லோகன் எழுதியதைத் திருத்த நீல் பர்விஸும் ராபர்ட் வேடும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், ஜெஸ் பட்டர்வொர்த்தும் சேர்ந்தார். திரையில் நான்கு பேர் பெயர் வருகிறது. 2014 கடைசியில் படத்தை வெளியிடவிருந்த சோனி நிறுவனத்தின் கணினிகள் ஊடுருவப்பட்டு மின்னஞ்சல்கள் கசிந்தபோது, கதையின் கடைசிப் பகுதி சரியில்லை என்று உள்ளே இருந்தவர்களே கவலைப்பட்டது வெளியே தெரிந்தது. படப்பிடிப்பு தொடங்கியதும் அதே டிசம்பரில்தான். வெளியீடு 2015 அக்டோபர் 26, லண்டனில்.

இனி சொல்வது என் ஊகம். நாற்பது, ஐம்பது வருடம் கிடைக்காத ஒரு பெயர் கையில் கிடைத்ததும் பெயர் முதலில் வந்து, கதை அதற்காகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். மெக்சிகோ காட்சிக்கு இந்தப் பெயர் தேவையில்லை, அதனால் அது சுதந்திரமாக மூச்சு விடுகிறது. பெயர் நெருங்க நெருங்கப் படம் திணறுகிறது. அடுத்தது நேரம். பாலைவன வெடியைப் படமாக்கியதற்கும் படத்தின் முதல் திரையிடலுக்கும் நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. எடுக்க எடுக்கவே தொகுப்பு நடந்துகொண்டிருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் முழுப் படத்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து, ரயிலில் ஒரு காட்சி குறைகிறது என்று உணர்ந்து, நடிகர்களைத் திரும்ப வரவழைத்து அதை எடுக்க நான்கு மாதம் போதாது. எடிட்டர் லீ ஸ்மித் எளிய ஆள் இல்லை. எடுக்கப்படாத காட்சியை யாராலும் தொகுக்க முடியாது. வேறு கோணத்தில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் வந்த முதல் விமர்சனங்கள் பல பாராட்டித்தான் எழுதின, உலக வசூலும் 88 கோடி டாலர் அளவுக்குப் போனது.

இந்த வரிசையில் இது முதல் தடவையும் இல்லை. 2002-இன் ‘டை அனதர் டே’ தொடக்கத்தில் பாண்ட் வட கொரியாவில் பிடிபட்டு 14 மாதம் சித்திரவதைப்படுகிறான். டைட்டில் பாட்டே அந்தச் சித்திரவதையின் மேல் ஓடுகிறது. தாடியும் சடையுமாக வெளியே வருபவனை அவன் ஆட்களே நம்ப மறுக்கிறார்கள். என்ன ஒரு தொடக்கம்! அரை மணி நேரத்தில் அந்தக் காயம் காணாமல் போய், மறையும் காரும் பனி மாளிகையும் வந்துவிட்டன.

அடுத்த படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். 2021-இல் வந்த ‘நோ டைம் டு டை’யைக் கட்டாயம் பாருங்கள். அதிலும் குறைகள் உண்டு, நீளமும் 163 நிமிடம். ஆனால் பார்ப்பதற்கு முன்னால் ‘ஸ்பெக்டர்’ ரயில் காட்சியை மட்டும் ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள். பாண்ட் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித்தரும்போது மேடலின் ஒரு சின்ன விஷயம் சொல்வாள். அப்பாவைக் கொல்ல ஒருவன் வீட்டுக்கு வந்தான், அவனுக்குத் தெரியாதது, வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு துப்பாக்கியும் இருக்கிறது என்று. அங்கே அது பேச்சோடு பேச்சாகப் போய்விடும். புதிய படம் அந்த வரியில்தான் தொடங்குகிறது. நார்வேயின் பனியில் ஒரு வீடு, முகமூடி போட்ட ஒருவன் நடந்து வருகிறான், அந்தச் சிறுமி தொட்டிக்குக் கீழே கைவிடுகிறாள். உறைந்த ஏரியில் ஓடும்போது பனி உடைந்து அவள் உள்ளே விழுகிறாள். முகம் பனித்தகட்டுக்கு அடியில் தெரிகிறது. அவன் மேலே நின்று துப்பாக்கியை நீட்டுகிறான், சுடுகிறான், பனியை உடைத்து அவளைத் தூக்க. அங்கே ஒரு கட். வளர்ந்த மேடலின் வெயில் அடிக்கும் கடலில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு தலையைத் தூக்குகிறாள். கரையில் பாண்ட் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.